வண்டியில் ஒன்றுமில்லை

தவளை மறுபடியும் ஏற்றத்தில் நின்றுவிட்டது. பக்கெட் நிறையக் குப்பை, பின்னால் மலையாய்க் குப்பை, நடுவில் நான். காலால் மிதித்தேன், கையால் தள்ளினேன், வாயால் திட்டினேன். எஞ்சின் முனகியதே தவிர ஓர் அடி ஏறவில்லை. மேலே பெல்ட் ஓரம் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கென்ன, குப்பை வராவிட்டால் கொஞ்ச நேரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

தவளை என்பது நான் ஓட்டும் சின்ன லோடர். ஸ்டியரிங் கிடையாது. இரண்டு கைப்பிடிகள், முன்னால் ஒரு பக்கெட், முதுகுக்குப் பின்னால் டீசல் எஞ்சின். நின்ற இடத்திலேயே குதித்துக் குதித்துத் திரும்புவதால் குப்பை பிரிக்கும் இந்தக் கூடத்தில் எல்லோரும் அதற்கு வைத்த பெயர் தவளை. லாரிகள் ஊர்க் குப்பையைக் கூடத்துக்குள் கொட்டிவிட்டுப் போகும். நான் அதை அள்ளிக்கொண்டு ஏற்றத்தில் ஏறி உச்சியிலிருக்கும் தொட்டியில் போட வேண்டும். தொட்டியிலிருந்து பெல்ட் இழுத்துக்கொண்டு போகும். பிளாஸ்டிக், தகரம், கண்ணாடி என்று பெண்கள் கையால் பிரிப்பார்கள். நானும் பல வருடம் அந்தப் பெல்ட்டில் நின்றவள்தான். நாற்றம்கூடப் பழகிவிடும். நாள் முழுக்க நின்றே இருப்பது பழகாது. கெஞ்சிக் கூத்தாடி லைசென்ஸ் எடுத்து இந்தச் சீட்டில் வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த அன்று அழுதேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். உட்கார்ந்து சம்பாதிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தச் சீட்டுக்குத்தான் இப்போது ஆபத்து.

சூப்பர்வைசர் கீழே வந்து நின்றார். இடுப்பில் ஒரு கை, போனில் ஒரு கை.

"என்னம்மா, இன்னிக்கும் ஆரம்பிச்சாச்சா?"

"இழுக்கல சார். காலையில நல்லாத்தான் இருந்துச்சு. போகப்போக மூச்சு வாங்குது."

"காலையில நீயும் நல்லாத்தான் இருக்கே. போகப்போக உனக்குத்தான் மூச்சு வாங்குதோ என்னவோ." அவர் சொன்ன ஜோக்குக்கு அவரே சிரித்துக்கொண்டார். "மெக்கானிக்கக் கூப்பிடறேன். அவரும் ஒண்ணுமில்லன்னுதான் சொல்லப் போறாரு. இந்த வாரக் கடைசி வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் நீ பெல்ட்டுக்குப் போயிடு. நெட்டையன் இதையும் சேத்து ஓட்டிப்பான்."

நெட்டையன் என்பவன் வெளியில் பெரிய லோடர் ஓட்டுகிறவன். பெண்பிள்ளை ஓட்டினால் வண்டிக்கே வெட்கம் வந்துவிடுகிறது என்று டீ குடிக்கும் இடத்தில் பேசுகிறவன். அவன் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. காதில் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது இந்த மெக்கானிக்கின் பேச்சைத்தான். ஏனென்றால் அவர் என் வீட்டுக்காரர்.

ஆமாம், தாலி கட்டிய அதே ஆள்தான். கூடத்தில் எந்த வண்டி இருமினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நல்ல வேலைக்காரர், அதை மறைக்கக் கூடாது. ஆனால் எதைச் சொன்னாலும் முதல் பதில் 'ஒண்ணுமில்ல' என்றுதான் வரும். வீட்டுக் கூரை ஒழுகினால் ஒண்ணுமில்ல. பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வந்தால் ஒண்ணுமில்ல. ராத்திரி, முதுகு வலிக்கிறது என்று நான் சொன்னால், "ஒண்ணுமில்ல, சாஞ்சு படு, சரியாப் போயிடும்" என்று சொல்லி முடிப்பதற்குள் குறட்டை வந்துவிடும்.

தவளைக்கும் அதே வைத்தியம்தான். வந்ததும் எஞ்சினை நிறுத்தச் சொல்வார். பழைய துணியால் கையைத் துடைப்பார். பேன்ட் பாக்கெட்டிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து டீசல் டாங்க் மூடியின் பூட்டைத் திறப்பார். மூடியைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பார்த்து, "டீசல் இருக்கு" என்பார். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

இதற்கு ஒரு கதை உண்டு. முன்னால் வேறோர் இடத்தில் வேலை பார்த்தபோது, கிளம்பாத வண்டி ஒன்றின் எஞ்சினைப் பாதி நாள் பிரித்துப் போட்டிருக்கிறார். கடைசியில் பார்த்தால் டாங்க்கில் சொட்டு டீசல் இல்லை. அந்த இடத்தை விட்டு வரும்வரை அவரைப் பார்க்கும்போதெல்லாம், "டாக்டர், பேஷன்ட்டுக்குச் சாப்பாடு போட்டீங்களா?" என்று கேட்டு மானத்தை வாங்கியிருக்கிறார்கள். அன்றிலிருந்து பூமியே பிளந்தாலும் அவர் முதலில் டாங்க்கைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பிளந்த இடத்தைப் பார்ப்பார்.

அவர் கையைத் துடைக்க ஆரம்பிக்கும்போதே நான் இறங்கிப் போய்விடுவேன். சுவர் ஓரமாக, யாரோ தூக்கிப் போட்ட ஒரு சோபா கிடக்கிறது. ஒரு கால் இல்லை, செங்கல் வைத்திருக்கிறோம். அதில் விழுந்து கண்ணை மூடிக்கொள்வேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை எனக்கு நிம்மதியாகக் கிடைப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

கண்ணைத் திறப்பதற்குள் தவளை உறுமும். அவர் பக்கெட் நிறைய அள்ளிக்கொண்டு ஏற்றத்தில் சும்மா ஜம்மென்று ஏறுவார். வீட்டில் வயிற்று வலி என்று உருண்டுவிட்டு டாக்டரைக் கண்டதும் துள்ளி விளையாடும் குழந்தை மாதிரி, என் மானத்தை வாங்கவென்றே அது ஓடும். எனக்கு வயிறு எரியும்.

"வண்டியில ஒண்ணுமில்ல" என்று சூப்பர்வைசரிடம் சொல்வார். என்னிடம் வந்து, "ஆக்ஸிலேட்டர நல்லா குடுத்து ஓட்டு" என்பார்.

எத்தனை வருடமாக ஓட்டுகிறேன், எனக்கு இவர் ஆக்ஸிலேட்டர் சொல்லித் தருகிறார்!

இருந்தாலும் அவர் சும்மா இருந்துவிட்டார் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். டீசல் ஃபில்டரை மாற்றினார். காற்று ஃபில்டரை மாற்றினார். டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வடித்துப் பார்த்தார். குழாய்களைத் தடவித் தடவி எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று தேடினார். மாற்றிய ஒவ்வொரு தடவையும் வண்டி சரியாகிவிடும், அதனால் இதுதான் கோளாறு என்று நினைத்துக்கொள்வார். கொஞ்ச நேரம் போனதும் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிடும். பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வருகிறது, அதற்குப் பிறகுதான் இழுவை குறைகிறது என்று அவரிடம் சொன்னேன்.

"கல்லு ஏதாவது பட்டிருக்கும்" என்றார்.

"கல்லு தினமும் ஒரே இடத்துலயா படும்?"

"ஒண்ணுமில்ல, விடு."

வாரத்தின் நடுவில் சூப்பர்வைசருக்குப் பொறுமை போய்விட்டது. தவளை மறுபடி படுத்துக்கொண்டதும் நெட்டையனைக் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் வழக்கம்போலக் கையைத் துடைத்தார், மூடியைத் திறந்தார், டீசல் இருக்கிறது என்றார், மூடினார். நெட்டையன் ஏறி உட்கார்ந்தான். அவன் முட்டி கைப்பிடியில் இடித்தது. அப்படியும் ஏற்றத்தில் பறந்தான். இறங்கினான், அள்ளினான், மறுபடி பறந்தான். பெல்ட் பெண்கள் குப்பை வரும் வேகம் தாங்காமல், "மெதுவாடா, பாவி" என்று கத்தினார்கள். கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்டிவிட்டு இறங்கி, கையைத் தட்டிக்கொண்டான்.

"வண்டி தங்கம் சார்."

சூப்பர்வைசர் என்னைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "என்னங்க, உங்க முகத்துக்காகத்தான் இத்தனை நாளு பொறுத்தேன். நீங்களே சொல்லுங்க."

இவர் தரையைப் பார்த்தார். அவள் அப்படிப்பட்டவள் இல்லை, வேலைக்கு அஞ்சமாட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தண்டனையைக் குறைக்கச் சொல்கிற மாதிரி, "சனிக்கிழமை வரைக்கும் பாக்கலாம் சார்" என்றார். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் பாத்திரங்களை நான் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். அவர் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நான்தான் ஆரம்பித்தேன்.

"நான் வேணும்னே நிறுத்தறேன்னு நெனக்கிறீங்களா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொல்லலைதான். சொல்லாமலே சொல்றீங்க."

"நான் என்ன செய்யறது? ஒவ்வொரு தடவையும் நான் வந்து பாத்தா நல்லா இருக்கு. உனக்குக் களைப்பா இருந்தா லீவு போட்டுக்கோ. வண்டி பொய் சொல்லாது."

"அப்போ நான் சொல்றேனா?"

அவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். கோபம்கூட வரவில்லை எனக்கு. களைப்புத்தான் வந்தது. சூப்பர்வைசர் நம்பவில்லை என்றால் போய்த் தொலைகிறான். நெட்டையன் நம்பவில்லை என்றால் அவன் யார்? கூடவே படுத்து எழும் மனுஷன், நான் எத்தனை மணிக்கு எழுந்து எத்தனை வலியோடு வேலைக்குப் போகிறேன் என்று பார்க்கிற மனுஷன், ஒரு வண்டியின் பேச்சை நம்புகிறார், என் பேச்சை நம்பவில்லை. அதை நினைத்துச் சமையலறையில் நின்று கொஞ்சம் அழுதேன். அழுதுவிட்டு அவர் அழுக்குப் பேன்ட்டைத் தேடி எடுத்து வாளியில் போட்டேன். கோபத்தில்கூடத் துவைக்கப் போடுகிற கையை நிறுத்தத் தெரியவில்லை பாருங்கள்.

சனிக்கிழமை வந்தது. அன்று எனக்கு முன்பே அவர் கிளம்பிப் போய்விட்டார். இரண்டு நாளாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அந்த இரண்டு நாளும் லாரிகள் குறைவு, தவளை நிற்கவில்லை, அவரைக் கூப்பிடவும் வேண்டியிருக்கவில்லை. ஸ்டோர்காரர் காலையில் தன் சாவியால் டாங்க்கைத் திறந்து டீசல் நிரப்பிவிட்டு, அவருக்கு மட்டும் சனிக்கிழமை அரை நாள் வேலை என்பதால் மத்தியானமே போய்விட்டார். அன்று லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நான் ஓட்டினேன். 'டொக்' என்று கேட்டது. அடுத்த நடையில் தவளை முனகியது. அதற்கடுத்த நடையில் ஏற்றத்தின் பாதியில் நின்றேவிட்டது.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். வண்டியை மெல்லப் பின்னுக்கு இறக்கித் தரையில் நிறுத்தினேன். இறங்கவில்லை. சோபாவரை நடக்கக்கூடத் தெம்பில்லை.

அவர் வந்தார். கையைத் துடைத்தார். இடுப்பைத் தடவினார். சட்டைப் பையைத் தடவினார். மறுபடி இடுப்பைத் தடவினார்.

"சாவிக்கொத்து எங்க?"

என்னையா கேட்கிறார்? பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்துவிட்டது. அன்று நான் வாளியில் ஊறப்போட்ட பேன்ட். கோபத்தில் பாக்கெட்டைத் துழாவிப் பார்க்காமல் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அதைத் துவைக்கவும் இல்லை, கோபத்தில் மறந்தே போனேன்.

"வாளியில ஊறுது" என்றேன்.

"என்னது?"

"உங்க பேன்ட்டும் சாவியும் சேந்து ஊறுது."

தலையில் அடித்துக்கொண்டார். டாங்க் மூடியைப் பார்த்தார். பல வருடத்தில் முதல் தடவையாக டீசல் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு வண்டியைத் தொட வேண்டிய நிலைமை. "காலையில ரொப்பினதுதானே, இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, என்னை நகரச் சொல்லி ஏறி உட்கார்ந்தார். எஞ்சினைக் கிளப்பிக் குப்பைக் குவியலில் பக்கெட்டைக் குத்தினார்.

தவளை முனகியது.

அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுபடி மிதித்தார். எஞ்சின் சத்தம் அப்படியே கீழே இறங்கி, நின்றுவிடுவேன் என்று மிரட்டியது. வெறும் பக்கெட்டோடு ஏற்றத்தில் திருப்பினார். பாதிகூட ஏறவில்லை. இறக்கி நிறுத்திவிட்டு, கைப்பிடிகளைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"இப்படித்தான் ஆகுமா?" என்று கேட்டார்.

"இப்படித்தான் ஆகும்."

"தினமுமா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, "யோவ், தினமும்தான்யா! எத்தனை தடவ சொன்னேன்!" என்று கத்திவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை 'யோவ்' என்று நான் கூப்பிட்டதில்லை. அவர் இறங்கிப் பின் கதவைத் திறந்து எஞ்சினைப் பார்த்தார்.

"கரும்புகை வரல" என்றார் மெதுவாக. "காத்து கொறஞ்சா புகை கக்கும். புகை இல்ல. அப்போ டீசல்தான் வந்து சேரல." கையை உள்ளே விட்டார். டீசல் வரும் குழாயில் கையால் அமுக்கும் ரப்பர் உருண்டை ஒன்று உண்டு, அதைத் தொட்டார். தொட்ட கையை எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இதப் பாரு."

ரப்பர் உருண்டை சப்பையாகக் கிடந்தது. யாரோ மிதித்த மாதிரி.

"ஃபில்டர் புதுசு. குழாயில அடைப்பில்ல. பம்பு இழுக்குது, ஆனா டீசல் வரமாட்டேங்குது. ஏன் வரமாட்டேங்குது?" என்று என்னைக் கேட்டார். என்னை! நான் என்ன பதில் சொல்வேன்? "டாங்க்குக்குள்ள ஏதாவது அடைச்சிருக்கா பாக்கணும். சாவி வேணுமே" என்றார்.

வீடு அடுத்த தெருதான். நானே போனேன். வாளியில் கையை விட்டுப் பேன்ட்டைப் பிழிந்து சாவிக்கொத்தை எடுத்தேன். இரண்டு நாள் ஊறிய நாற்றம், குப்பைக் கூடமே தேவலை. சோப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதற்குள் எஞ்சினை நிறுத்திவிட்டு வேறு எதையும் தொடாமல் நின்றுகொண்டிருந்தார்.

"நீ அந்த உருண்டையப் புடிச்சுப் பாத்துக்கோ" என்றார்.

அது இன்னும் சப்பையாகத்தான் இருந்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். அவர் மூடியின் பூட்டைத் திறந்து திருகினார்.

'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். தண்ணீரில் முங்கியிருந்த ஆள் மேலே வந்து மூச்சை இழுக்கிற மாதிரி இருந்தது. டாங்க்கின் பக்கத்தில் 'டொக்' என்று கேட்டது. என் உள்ளங்கையில் அந்த உருண்டை மெல்ல உப்பியது.

நான் அதைப் பிடித்தபடியே நின்றேன். அவரும் மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"நீங்க தொறக்கறப்பல்லாம் இந்தச் சத்தம் வருமா?" என்று கேட்டேன்.

"வரும்" என்றார். "வெயில்ல எல்லா டாங்க்கும் கொஞ்சம் இப்படித்தான்னு விட்டுட்டேன்."

மூடியைத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். விரலால் உள்பக்கம் தடவினார். அவர் காது சிவப்பதை அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

இந்தத் தொல்லை ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான், டீசல் திருட்டுப் போகிறது என்று சூப்பர்வைசர் பூட்டு மூடி போடச் சொன்னார். இவர்தான் ஏதோ பழைய டாங்க்கிலிருந்து ஒரு பூட்டு மூடியைக் கழற்றி வந்து தவளைக்குப் போட்டார். மரை சரியாகப் பொருந்தியது, எல்லோருக்கும் சந்தோஷம். பழைய மூடியில் காற்று போகச் சின்ன ஓட்டை ஒன்று இருந்தது. இதில் இல்லை. டீசல் குறையக் குறைய உள்ளே காற்று போக வழியில்லாமல், டாங்க் சூம்பி, டீசலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த 'டொக்' டாங்க் ஒடுங்குகிற சத்தம். இவர் வந்து டீசல் இருக்கிறதா என்று திறந்து பார்த்ததும் காற்று போய்விடும், வண்டி சரியாகிவிடும். அதன் பிறகு இவர் கோளாறைத் தேடுவார். எங்கே கிடைக்கும்? தன் கையாலேயே சரிசெய்துவிட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறார் மகாராஜா.

அவர் பட்டறை மேசையில் பழைய மூடி கிடந்தது. அதில்தான் திருகாணிகளைப் போட்டு வைத்திருந்தார். கொட்டிவிட்டு எடுத்து வந்து மாட்டினார். நான் ஏறினேன். தவளை பறந்தது. இரண்டாவது நடை, மூன்றாவது நடை, பக்கெட் வழிய வழிய ஏற்றினேன். அப்போதுதான் சூப்பர்வைசர் வந்தார்.

"ஓடுதே! என்ன பண்ணீங்க?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

நான் ஏற்றத்தின் அடியில் நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டேன். இப்போது சொல்வார் என்று நினைத்தேன்.

"சின்ன அட்ஜஸ்ட்மென்ட்தான் சார்" என்றார் அவர். "இனிமே பிரச்சினை வராது."

சூப்பர்வைசர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியாம்மா? பெல்ட்டுக்கு அனுப்பறேன்னு ஒரு வார்த்தை சொன்னதும் வண்டிக்கு உசிரு வந்துடுச்சு. முதல்லயே மெரட்டியிருக்கணும்."

சூப்பர்வைசர் போயிருப்பார், நானும் விட்டிருப்பேன். சீட்டு பிழைத்துவிட்டது, அதற்குத்தானே ஆசைப்பட்டேன்? ஆனால் கை தானாக எஞ்சினை நிறுத்திவிட்டது. இறங்கினேன். மேசைக்குப் போய்ப் பூட்டு மூடியையும் சாவிக்கொத்தையும் எடுத்து வந்தேன். பழைய மூடியைக் கழற்றிவிட்டு அதைத் திருகிப் பூட்டினேன். சாவியைச் சூப்பர்வைசர் கையில் வைத்தேன். இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

"நெட்டையனக் கூப்பிடுங்க சார். அவன் ஓட்டட்டும். நான் கிட்டயே வரமாட்டேன், அந்தச் சோபாவுல உக்காந்திருப்பேன். நிக்காம சாயங்காலம் வரைக்கும் ஓட்டிட்டா நானே பெல்ட்டுக்குப் போறேன்."

"எதுக்கும்மா இதெல்லாம்? அதான் சரியாயிடுச்சே."

"வண்டி சரியாயிடுச்சு சார். என் பேரு சரியாகல."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கண்ணால் வேண்டாம் என்றார். நான் போய்ச் சோபாவில் உட்கார்ந்தேன்.

நெட்டையன் வந்தான். பெல்ட் பெண்கள், டீ இடைவேளையில்கூடப் பெல்ட்டை விட்டு நகராதவர்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவன் முதலில் விசிலடித்துக்கொண்டு ஓட்டினான். எனக்குத் தூக்கம் வந்தது. உண்மையாகவே கொஞ்சம் தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. 'டொக்' என்ற சத்தம்தான் எழுப்பியது. அதற்குப் பிறகு விசில் நின்றது. ஏற்றத்தின் பாதியில் தவளை முனக, நெட்டையன் மிதிக்க, அது முக்க, கடைசியில் எஞ்சின் அணைந்தே போனது.

"நான் ஒண்ணும் பண்ணல சார்! அதுவா நிக்குது!" என்று அங்கிருந்தே கத்தினான்.

பெல்ட்டில் யாரோ, "வண்டிக்கு வெக்கமா இருக்கும், விடு!" என்று கத்த, பெண்கள் எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெட்டையன் கத்திய அதே வார்த்தைகளை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்றுதான் நினைத்தேன்.

சூப்பர்வைசர் மெக்கானிக்கைப் பார்த்தார். எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். அவர் சூப்பர்வைசர் கையிலிருந்து சாவியை வாங்கி, ஏற்றத்தில் ஏறி, மூடியைத் திறந்தார். 'ஸ்ஸ்ஸ்' என்ற சத்தம் சோபாவரை கேட்டது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்று பேசினார். அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"இந்த மூடியில காத்து ஓட்டை இல்ல. நான்தான் போட்டேன். ஒவ்வொரு தடவையும் நான் வந்து இதத் தொறந்ததும் வண்டி சரியாயிடும். அது தெரியாம ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன். அவ மொதல்லேருந்து சொன்னதெல்லாம் நெசம்."

இதைக் கேட்டால் மனசு குளிர்ந்துவிடும் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். குளிரவில்லை. உடம்பில் இருந்த கொஞ்சநஞ்சத் தெம்பும் வடிந்த மாதிரி இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டேன், தூசி என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும்.

சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். பூட்டு மூடி யாருடைய யோசனை என்று அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும். "சரி சரி, கூட்டம் போடாதீங்க. குப்பை அப்படியே கெடக்கு" என்றார். அவ்வளவுதான் அவருடைய மன்னிப்பு. நான் எழுந்து போய் நெட்டையனிடம், "எறங்கு" என்றேன். இறங்கினான். மீதிக் குப்பையை நான்தான் ஏற்றினேன்.

வீட்டுக்குச் சேர்ந்தே நடந்து வந்தோம். அவர் போய் வாளிப் பேன்ட்டை அலசிக் காயப்போட்டார், நான் கேட்காமலே. சாப்பிட்டு முடித்து நான் தரையில் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டேன்.

"முதுகு வலிக்குது" என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை, சுவரிடம்தான் சொன்னேன்.

"ஒண்ணும்..." என்று ஆரம்பித்தார் அவர். நிறுத்தினார். கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எங்க வலிக்குது?" என்று கேட்டார்.

திரும்பி உட்கார்ந்து காட்டினேன்.